கராஜ் சுவரில் ஈரலிப்பு: காரணத்தைக் கண்டுபிடித்த பின் காசைச் செலவழிப்போம்



வீட்டைத் திருத்துவதென்றால் அது ஆண்களின் வேலை என்று ஒரு காலத்தில் ஒதுங்கியிருந்தோம். இன்று நம்மில் பலருக்கு ஒதுங்கியிருக்க இடமில்லை. கணவனையோ தந்தையையோ மகனையோ யுத்தம் கொண்டுபோன வீடுகளில் கூரையையும் சுவரையும் கானையும் பார்ப்பவர்கள் நாம்தான். ஆகவே இந்த மாதம் பலரையும் வாட்டும் ஒரு பிரச்சினையை எடுத்துக்கொள்வோம். அதுதான் செங்கல் சுவரில் ஏறும் ஈரலிப்பு.

உடப்புசல்லாவைப் பக்கம் போனால் வீட்டோடு ஒட்டியோ சற்றுத் தள்ளியோ செங்கல்லால் கட்டிய சிறிய கராஜ்களைக் காணலாம். ஓட்டோ நிறுத்துவதற்கென்று கட்டியவை பல. வண்டி இல்லாத வீடுகளில் அதே கராஜ் தையல் அறையாகவோ சிறு கடையாகவோ விறகும் உரமும் மரக்கறியும் வைக்கும் களஞ்சியமாகவோ மாறிவிடும். சுயதொழில் செய்யும் பெண்ணுக்கு அந்த நான்கு சுவர்தான் தொழிற்சாலை. அந்தச் சுவர் நனைந்தால் தையல் மெஷின் துருப்பிடிக்கும், துணியில் பூஞ்சணம் படரும், மா கட்டிபடும். கடன் எடுத்து வாங்கிய பொருள் கடன் கட்டி முடியுமுன்னே கெட்டுப்போகும்.

அதைவிடப் பெரிய நட்டமும் உண்டு. மரணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், காணிப் பத்திரம், காணாமற்போனவரைத் தேடி எழுதிய கடிதங்கள், முறைப்பாட்டுத் துண்டுகள் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு அறையின் மூலையில் வைத்திருப்போம். ஈரம் முதலில் பிடிப்பது அந்த மூலையைத்தான். ஒரு கடதாசியை மீண்டும் எடுக்க எத்தனை கந்தோர் ஏறியிறங்க வேண்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

உடல்நலமும் இதில் அடங்கியிருக்கிறது. ஈரலிப்பும் பூஞ்சணமும் உள்ள கட்டடங்களில் வசிப்போருக்கு இருமல், மூச்சிழுப்பு, ஆஸ்துமா போன்ற சுவாசத் தொல்லைகள் கூடுதலாக ஏற்படுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டியில் கூறியுள்ளது. தைக்கும் தாயின் காலடியில் பாய் விரித்துப் படுக்கும் குழந்தையை நினைத்துப் பாருங்கள்.

உடப்புசல்லாவையின் மழை

ஈரத்தின் காரணத்தைத் தேடுமுன் ஊரின் மழையை அறிந்துகொள்வது நல்லது. உடப்புசல்லாவை மத்திய மலைநாட்டின் கிழக்குச் சரிவில் உள்ளது. ஹட்டன் பக்கத்தை நனைப்பது முக்கியமாகத் தென்மேற்குப் பருவமழை. இங்கே வடகீழ்ப் பருவமழைதான் கூடுதலாகப் பெய்யும். நவம்பர் முதல் ஜனவரி வரை ஈரமான காலம். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும். உடப்புசல்லாவைத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தருவதும் அந்த வறண்ட காலம்தான்.

இதிலிருந்து நமக்கு இரண்டு விடயங்கள் விளங்க வேண்டும். ஒன்று, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கும் காலம் நவம்பர் முதல் ஜனவரி வரை. திருத்தும் காலம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. மழையில் பூசும் சாந்து ஒழுங்காகப் பிடிக்காது. வெயில் காலத்தில் காரணத்தைத் தேடினால் அகப்படாது. இரண்டாவது, வடகிழக்கிலிருந்து வரும் சாரல் எந்தச் சுவரில் மோதுகிறதோ அந்தச் சுவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு கராஜை மனதில் வைத்துக்கொள்வோம்

பத்தடி அகலம், இருபதடி நீளம். நாலரை அங்குலச் சுவர், அதாவது அரைக்கல் சுவர். மேலே தகரக் கூரை. சரிவான காணி என்பதால் மண்மேட்டை வெட்டி இடம் எடுத்திருக்கிறார்கள். ஆகவே பின்சுவர் மேட்டோடு ஒட்டியிருக்கிறது. முன்பக்கம் கதவு. நிலம் சீமெந்து. மலையகத்தில் பொதுவாக இப்படித்தான் இருக்கும்.

இந்தக் கூரையில் ஒரே நாளில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் எவ்வளவு தண்ணீர் விழும் தெரியுமா? ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு லீற்றர். 200 சதுர அடி என்பது ஏறக்குறைய பதினெட்டரைச் சதுர மீற்றர். ஆகவே 900 லீற்றருக்கும் அதிகமான தண்ணீர். 200 லீற்றர் பீப்பாய் நாலரை. பீலி இல்லாவிட்டால் அவ்வளவும் சுவரின் அடியில்தான் கொட்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

ஈரம் வரும் வழிகள் ஆறு

முதலாவது, மேலிருந்து வருவது. தகரத்தில் ஆணி அடித்த துளை, துருப்பிடித்த இடம், முகட்டுத் தகரத்தின் இடைவெளி, தேயிலைச் சருகும் மண்ணும் அடைத்த பீலி. இதன் அடையாளம், ஈரம் சுவரின் மேற்பகுதியிலிருந்து கீழே வழிந்து வரும். மழை தொடங்கிச் சற்று நேரத்திலேயே தெரியும். மழை விட்டதும் மெல்லக் காயும்.

இரண்டாவது, சாரல். அரைக்கல் சுவர் பலத்த சாரலைத் தாங்காது. கல்லைவிடக் கல்லுக்கு இடையிலுள்ள சாந்துதான் முதலில் தண்ணீரை விடும். சாரல் மோதும் பக்கத்தில் மட்டும் திட்டுத்திட்டாக ஈரம் தெரிந்தால் இதுவே காரணம்.

மூன்றாவது, மேட்டிலிருந்து வருவது. பின்சுவருக்கு வெளியே மண் உள்நிலத்தைவிட உயரமாக இருந்தால், மலையில் ஊறும் தண்ணீர் சுவரினூடாகத்தான் வரும். வெளியே மண் எவ்வளவு உயரமோ உள்ளேயும் அவ்வளவு உயரத்துக்கு ஈரம் நிற்கும். மழை விட்டுப் பல நாட்களான பின்னும் காயாது. மலையகத்துக் கராஜ்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

நான்காவது, நிலத்திலிருந்து ஏறுவது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலச் செங்கல்லில் தண்ணீர் ஏறும். இதைத் தடுக்கத்தான் அத்திவாரத்துக்கு மேலே தாரும் மணலும் கொண்டு ஒரு ஈரத்தடுப்புப் படை போடுவார்கள். மேசன்மார் அதை டீ.பீ.சீ. என்பார்கள். சிறிய கராஜ்தானே என்று அதைப் போடாமல் விடுவதும் உண்டு. போட்டிருந்தாலும், வெளியே மண் குவிந்து அந்தப் படையை மூடிவிட்டால் தண்ணீர் அதைத் தாண்டி ஏறிவிடும். இதன் அடையாளம், நான்கு சுவரிலும் ஏறக்குறைய ஒரே உயரத்தில், அனேகமாக மூன்றடிக்குள், ஒரு கோடு போல ஈரம் நிற்கும். கோட்டின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும்.

ஐந்தாவது, வியர்வை. குளிர்ந்த விடியற்காலையில் தகரத்தின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். இரவு மழை பெய்யாவிட்டாலும் நனைந்திருக்கும். உள்ளே உள்ள ஈரக் காற்று குளிர்ந்த தகரத்தில் பட்டுத் தண்ணீராகிறது. நனைந்த ஓட்டோவை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டினாலும், ஈரத் துணியை உள்ளே காயப்போட்டாலும், அடுப்பு மூட்டினாலும் இது கூடும். இதைக் கண்டு கூரை ஒழுகுகிறதென்று நினைத்துப் புதுத் தகரம் வாங்கிக் காசைக் கரைத்துவிடக் கூடாது.

ஆறாவது, உப்பு. இதைப் பலர் அறிவதில்லை. உர மூடைகளைச் சுவரோடு சாய்த்து வைத்திருந்த கராஜில், மூடைகளை எடுத்த பிறகும் அந்த இடம் மட்டும் மழைக்காலத்தில் கசியும். உரத்தின் உப்பு செங்கல்லுக்குள் இறங்கிக் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. ஒழுக்கு எங்கும் இராது. வன்னியிலும் கிழக்கிலும் வாழும் சகோதரிகள் இதை வேறு விதத்தில் காணலாம். கடல் மணலோ உவர்த் தண்ணீரோ சேர்த்துக் குழைத்த சாந்தும் இப்படித்தான் மழைக்காலத்தில் நசநசக்கும்.

எது காரணம் என்று எப்படி அறிவது?

ஒரு கொப்பி, ஒரு பென்சில், ஒரு பொலித்தீன் துண்டு, ஒரு வாளி. இவ்வளவும் போதும்.

முதலில் ஈரத்தின் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் திகதியை எழுதுங்கள். இரண்டு கிழமைக்கு ஒவ்வொரு நாளும் காலையில் பார்த்துக் கொப்பியில் மூன்று விடயங்களைக் குறியுங்கள்: நேற்று மழை பெய்ததா, காற்று எந்தப் பக்கம், ஈரம் கோட்டைத் தாண்டியதா குறைந்ததா. இரண்டு கிழமை முடிய அந்தக் கொப்பி பேசும். மழையோடு கூடிக் குறைந்தால் கூரை அல்லது சாரல். மழை விட்டு இரண்டு மூன்று நாள் கழித்துக் கூடினால் மேட்டுத் தண்ணீர். மழையே இல்லாத குளிர் இரவுகளில் கூடினால் வியர்வை.

அடுத்தது பொலித்தீன் சோதனை. ஒன்றரை அடிச் சதுரமாகப் பொலித்தீனை வெட்டி, ஈரமான சுவரில் நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டும் நாடாவால் ஒட்டுங்கள். நிலத்திலும் ஒன்று ஒட்டுங்கள். இரண்டு நாள் விடுங்கள். பிறகு பார்க்கும்போது பொலித்தீனின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் அறைக் காற்றிலிருந்து வருகிறது. உட்பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து அல்லது நிலத்துக்கு அடியிலிருந்து வருகிறது. இரண்டு பக்கமும் நனைந்தால் காரணம் இரண்டு. அதுவும் நடப்பதுண்டு.

மூன்றாவது வாளிச் சோதனை. மழையில்லாத, சுவர் ஓரளவு காய்ந்த நாளில் செய்யுங்கள். ஒருவர் வெளியே நின்று தண்ணீர் ஊற்ற, இன்னொருவர் உள்ளே நின்று பார்க்க வேண்டும். சுவரின் அடியிலிருந்து தொடங்கி மெல்ல மெல்ல மேலே போங்கள். ஒவ்வோர் இடத்திலும் கால் மணித்தியாலமாவது ஊற்றிக் காத்திருங்கள். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து, எதனால் நனைந்தது என்று தெரியாமற் போய்விடும். கூரையின் மேல் ஏறி நிற்க வேண்டாம். பழைய தகரமும் அஸ்பெஸ்டஸும் காலடியில் உடைந்துவிடும்.

தகரக் கூரையென்றால் இன்னொரு எளிய வழி. நல்ல வெயிலில் கதவை அடைத்து இருட்டாக்கிவிட்டு மேலே பாருங்கள். வெளிச்சம் ஊசிபோல் வரும் இடமெல்லாம் ஒழுக்கு.

திருத்தும் ஒழுங்கு

மேசனைக் கூப்பிட்டதும் அனேகர் கேட்பது, "உள்ளே சீமெந்து பூசிவிடுங்கள்" என்பதுதான். அதுதான் கடைசியில் செய்ய வேண்டிய வேலை. தண்ணீர் எங்கே தொடங்குகிறதோ அங்கே தொடங்க வேண்டும். கூரை, பீலி, கான், வெளிநிலம், வெளிச்சுவர், காற்றோட்டம், அதன் பிறகே உட்பூச்சு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். முதல் நான்கிலுமே தொல்லையின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அவை செலவு குறைந்தவை, நாமே செய்யக்கூடியவையும் அதிகம்.

கூரையில் ஆணித் துளைகளுக்கு ரப்பர் வளையம் வைத்த ஆணி போட்டு, பக்கத்தைத் தாரால் அடையுங்கள். ஓரத் தகரம் சுவருக்கு வெளியே குறைந்தது ஒன்றரை அல்லது இரண்டு அடி நீட்டிக்கொண்டிருந்தால் சாரலின் பெரும்பங்கு சுவரில் படாது. அஸ்பெஸ்டஸ் கூரையானால் அதை அரமோ கம்பித் தூரிகையோ கொண்டு சுரண்டாதீர்கள். அந்தத் தூள் நுரையீரலுக்குப் பெருங்கேடு.

பீலி போட வசதி இல்லாவிட்டால், கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் சல்லிக்கல் பரப்புங்கள். வெறும் மண்ணிலோ சீமெந்திலோ விழும் தண்ணீர் ஒரு அடி உயரத்துக்குத் தெறித்துச் சுவரை நனைக்கும். சல்லியில் விழும் தண்ணீர் அவ்வளவு தெறிக்காது. பீலி இருந்தால் மாதம் ஒருமுறை சருகை அள்ளுங்கள். பீலித் தண்ணீரைச் சுவரடியில் விடாமல் கானுக்குக் கொண்டுபோங்கள். ஒரு பீப்பாயில் பிடித்தால் துணி துவைக்கவும் உதவும். ஆனால் அதை மூடி வையுங்கள். இல்லாவிட்டால் நுளம்பு பெருகும்.

கான்தான் உயிர்நாடி. மேட்டிலிருந்து வரும் தண்ணீர் சுவரைத் தொடுமுன்னே அதைத் திருப்பிவிட வேண்டும். பின்சுவருக்கு மேலே, மேட்டில் குறுக்காக ஒரு கான் வெட்டி இரு பக்கமும் வழிவிடுங்கள். பத்தடி நீளத்துக்கு ஒன்றரை அங்குலம் சரிவு போதும். கூடிய சரிவானால் தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு ஓடும். தண்ணீர் போய்ச் சேரும் இடம் அயலவர் முற்றமாக இருக்கக் கூடாது என்பதையும் மறவாதீர்கள்.

வெளிநிலம் எப்போதும் உள்நிலத்தைவிட ஆறு அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும். பல ஆண்டுகளாகச் சேர்ந்த மண்ணையும் சாம்பலையும் பூஞ்சாடிகளையும் சுவரடியிலிருந்து அகற்றுங்கள். மண்வெட்டியோடு ஒருநாள் வேலைதான். ஆனால் பின்சுவர் மேட்டில் மட்டும் கவனம் வேண்டும். ஈரம் போக வேண்டுமென்று மேட்டின் அடியை ஆழமாக வெட்டினால், மேலேயுள்ள மண் சரிய வழி செய்துவிடுவோம். மேடு மூன்றடிக்கு மேல் என்றால் தெரிந்தவரைக் காட்டாமல் கைவைக்காதீர்கள். அணைசுவர் ஏற்கனவே இருந்தால் அதிலுள்ள நீர் வடியும் துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்று பார்த்துக் கம்பியால் குத்தித் திறவுங்கள். துளையே இல்லாத அணைசுவர் தண்ணீரின் பாரத்தால் பிதுங்கி விழும்.

வெளிச்சுவரில் கல்லிடுக்குச் சாந்து உதிர்ந்திருந்தால், முக்கால் அங்குல ஆழத்துக்குச் சுரண்டி, தூசு போக்கி, சற்று நனைத்து, புதுச் சாந்தால் அடையுங்கள். சீமெந்து 1, சுண்ணாம்பு 1, மணல் 6 என்ற கலவை பழைய செங்கல்லுக்கு ஏற்றது. வெறும் சீமெந்தை அதிகமாகப் போட்டால் சாந்து கல்லைவிடக் கடினமாகி, கல் உதிரத் தொடங்கும். வெளிப்பக்கம் பூசுவதானால் பூச்சை மண்வரை கொண்டுபோகாமல் நிலத்துக்கு ஆறு அங்குலம் மேலேயே நிறுத்துங்கள். மண்ணைத் தொடும் பூச்சு தண்ணீருக்கு ஏணி வைத்துக் கொடுக்கும்.

கதவுப் பக்கம் நிலம் உள்நோக்கிச் சரிந்திருந்தால், வாசலுக்குக் குறுக்கே நாலங்குலக் கான் ஒன்று வெட்டி மேலே இரும்புக் கம்பித் தட்டுப் போடலாம். ஓட்டோ போகவும் தடையில்லை.

வியர்வைக்கு மருந்து காற்று. எதிரெதிர்ச் சுவர்களில் ஒன்றில் மேலேயும் மற்றதில் கீழேயும் ஒவ்வொரு கல்லை எடுத்துத் துளை விட்டு, எலியும் பாம்பும் வராமல் கம்பிவலை அடித்தால் போதும். நல்ல வெயிலுள்ள நடுப்பகலில் கதவை அகலத் திறவுங்கள். பனிமூட்டம் இறங்கும் மாலையில் அடையுங்கள். பொருட்களைச் சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி, கல்லின் மேல் பலகை போட்டு வையுங்கள்.

உப்புப் பூத்த சுவரைத் தண்ணீரால் கழுவ வேண்டாம். கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போய்விடும். காய்ந்த தும்புத் தூரிகையால் தட்டி, விழுந்ததைக் கூட்டி வெளியே கொட்டுங்கள். பூச்சு மிகவும் கெட்டிருந்தால் ஈரம் தெரியும் உயரத்துக்கு மேல் இன்னும் ஒரு அடி சேர்த்து உடைத்தெடுத்து, சுவரைக் காயவிட்ட பின் பூசுங்கள்.

எவ்வளவு காலம் காயவிட வேண்டும்? சுவரின் ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு மாதம் என்பது கட்டட வேலையில் ஒரு பொதுக் கணக்கு. நாலரை அங்குலச் சுவருக்கு நாலைந்து மாதம். ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒன்பது மாதம். ஆகவே கான் வெட்டிய மறுகிழமையே சுவர் காயவில்லை என்று மனம் தளராதீர்கள். பென்சில் கோட்டைப் பாருங்கள். ஈரம் கோட்டைவிட்டு இறங்கத் தொடங்கினால் வழி சரிதான்.

இவற்றைச் செய்யாதீர்கள்

ஈரச் சுவரில் எண்ணெய்ப் பெயின்ட் அடிக்காதீர்கள். தண்ணீர் வெளியேற வழியின்றி இன்னும் மேலே ஏறும். சில மாதத்தில் பெயின்ட் கொப்பளித்து உரியும். சுண்ணாம்பு வெள்ளையடித்தால் சுவர் மூச்சுவிடும், செலவும் குறைவு. பூஞ்சணத்தைக் காய்ந்தபடி தட்டாதீர்கள். மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து எடுங்கள். வெளுக்கும் மருந்து பாவித்தால் அதோடு வினாகிரியையோ கழிப்பறை மருந்தையோ கலக்கவே கூடாது. நச்சுவாயு கிளம்பும். அறையைக் காயவைக்கிறேன் என்று கதவைப் பூட்டி உள்ளே கரி மூட்டுவதும் உயிருக்கு ஆபத்து.

ஈரம் அல்ல, எச்சரிக்கை

மலையில் வாழ்பவர்கள் ஒரு வேறுபாட்டைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். எல்லா ஈரமும் சுவரின் குற்றமல்ல. இதுவரை இல்லாத இடத்தில் திடீரென்று ஊற்றுக் கிளம்பினால், தெளிந்த ஊற்று கலங்கி வந்தால், வழமையாக வரும் ஊற்று சட்டென நின்றால், நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்புத் தோன்றி நாளுக்கு நாள் அகன்றால், நேற்றுவரை பூட்டிய கதவு இன்று பூட்டாவிட்டால், மரமும் மின்கம்பமும் சாய்ந்தால், அது மண்சரிவின் முன்னறிவிப்பாக இருக்கலாம். அப்போது சாந்துக் கரண்டியைத் தேடாதீர்கள். பிள்ளைகளையும் முதியவர்களையும் கூட்டிக்கொண்டு உடனே வெளியேறுங்கள்.

2007 ஜனவரியில் வலப்பனைப் பிரதேசத்திலும், 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையிலும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களிலும் மலை சரிந்து உயிர்கள் போனதை நாம் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிகளில் எச்சரிக்கை விடுகிறது. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற்றம் என்பது பொதுவான அளவு. நேரான பக்கமுள்ள ஒரு தகரப் பேணியைத் திறந்த வெளியில் வைத்து அடிமட்டத்தால் அளந்தால், உங்கள் முற்றத்து மழையை நீங்களே அறியலாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. அதைக் கதவின் உட்பக்கத்தில் எழுதி வையுங்கள்.

வீடு நம்முடையதல்ல என்றால்?

லயக் காம்பராவில் இருப்பவர்களுக்குச் சுவரும் கூரையும் தோட்டத்துக்குச் சொந்தம். துளை போடவும் சுவரை உடைக்கவும் தோட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். வாய்ப்பேச்சாக விடாமல் எழுத்தில் கொடுத்து, ஒரு பிரதியைத் திகதியோடு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதிய இரண்டு கிழமைக் கொப்பி இங்கேதான் கைகொடுக்கும். "வீடு நனையுது ஐயா" என்பதைவிட, "இந்தத் திகதியில் பெய்த மழைக்குப் பின் இத்தனை அடி உயரத்துக்கு ஈரம் ஏறியது, பின்பக்கக் கான் அடைபட்டிருக்கிறது" என்று சொன்னால் தட்டிக் கழிப்பது கஷ்டம்.

பொதுக் கான் ஒரு வீட்டின் காரியமல்ல, முழு லயத்தின் காரியம். பத்துக் காம்பராக்காரரும் சேர்ந்து கையெழுத்து வைத்துக் கேளுங்கள். 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்ட பின் தோட்டக் குடியிருப்புகளிலும் சபை வேலை செய்ய வழி பிறந்திருக்கிறது. எனவே சபையிடமும் விண்ணப்பம் கொடுக்கலாம். இவற்றுக்குக் காத்திருக்கும் வேளையில் சுவரைத் தொடாமல் செய்யக்கூடியவை பல: சருகு அள்ளுவது, சுவரடி மண்ணை அகற்றுவது, சல்லி பரப்புவது, பொருட்களைப் பலகையில் ஏற்றுவது, பகலில் காற்றுவிடுவது. இவற்றுக்கு எவரிடமும் அனுமதி தேவையில்லை.

1977க்கும் 1983க்கும் பிறகு மலையகத்தை விட்டு வன்னியில் குடியேறியவர்கள் நம் வாசகிகளில் உண்டு. சீமெந்துக் கல்வீட்டுக்கும் இதே விதிகள்தான். அங்கே மேடு இல்லை, ஆனால் வெள்ளம் உண்டு. முற்றத்தைவிட வீட்டு நிலம் உயர்ந்திருக்க வேண்டும், தண்ணீர் சுவரை விட்டு விலகி ஓட வேண்டும். வேறொன்றுமில்லை.

கடதாசிகளுக்கு ஒரு சொல்

ஈரமான பத்திரங்களைக் கடும் வெயிலில் போடவோ இஸ்திரிப்பெட்டி வைக்கவோ வேண்டாம். மை வெளுக்கும், தாள் சுருங்கும். நிழலில், காற்றோட்டமான இடத்தில் விரித்து, ஒவ்வொன்றுக்கும் இடையே எழுதாத வெள்ளைத் தாளை வைத்து, அந்தத் தாளை அடிக்கடி மாற்றுங்கள். ஒட்டிக்கொண்ட தாள்களை இழுத்துப் பிரிக்காதீர்கள். நன்றாகக் காய்ந்த பிறகே பொலித்தீன் உறையில் போடுங்கள். ஈரத்தோடு போட்டால் உறைக்குள்ளேயே பூஞ்சணம் பிடிக்கும். பிறகு மூடியுள்ள தகரப் பெட்டியில் வைத்து, வெளிச்சுவரில் படாமல், இடுப்பளவு உயரத்தில் வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை வெளியே எடுத்துக் காற்றுப்படுத்துங்கள். முக்கியமானவற்றைப் பிரதியெடுத்து, நம்பிக்கையான உறவினர் ஒருவர் வீட்டிலும் ஒரு தொகுதி வைத்திருப்பது நல்லது. சிவப்பு எச்சரிக்கை வந்தால் கையில் எடுக்க வேண்டிய முதற் பொருளும் அந்தப் பெட்டிதான்.

சகோதரிகளே, வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது பழமொழி. நமக்கு அது கான் வெட்டும் வேலையாக இருக்கிறது. மேசனுக்கு ஒரு சதம் கொடுக்குமுன் கொப்பியும் பென்சிலும் எடுத்து இரண்டு கிழமை சுவரைப் பாருங்கள். காரணம் தெரிந்த பெண்ணை எவரும் எளிதில் ஏமாற்ற முடியாது. பிறகு மண்வெட்டியை எடுத்துப் பின்பக்கம் போங்கள். அயலில் தனியாக இருக்கும் அக்காவின் சுவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.